கஷணம் சாமியின் கொள்ளுப்பேத்திக்கு

அன்புள்ள கௌரிக்கு,

நாளை மறுநாள் நீ ரயிலேறுகிறாய். உன் பெட்டியில் இனி ஒரு கைக்குட்டைக்குக்கூட இடமில்லை என்று அம்மா கையை விரித்துவிட்டாள். நாரத்தங்காய் ஊறுகாயா, கறிவேப்பிலைப் பொடியா என்று நேற்று நடந்த சண்டையில் இரண்டுமே ஜெயித்து, உன் புத்தகங்கள் நாலும் தோற்று வெளியே வந்துவிட்டன. அதனால் நான் கொடுக்க நினைத்ததைக் கடிதமாகக் கொடுக்கிறேன். வலியசாலைத் தெருக்காரர்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னைப் பிடுங்கிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். இதையே அவர்களுக்கும் கொடுத்துவிடப் போகிறேன். உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கட்டும். ஊருக்கும் நான் கொஞ்சம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதம், நீ இப்போது வேலைக்குப் போகிற அந்தக் கோட்டைப் பூங்காக்காரர்கள் உன்னைக் கம்ப்யூட்டரில் இன்டர்வியூ செய்தபோது நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன். வித்துரா பூங்காவில் இன்டர்ன்ஷிப் செய்தாயே, அங்கே கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் எது என்று ஒரு அம்மாள் கேட்டார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சொல்றது நம்ம அப்பாவா இருந்தாலும் இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுக்கணும்" என்றாய். அந்தப் பக்கம் மூன்று பேரும் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுக்களையில் உன் அம்மா சிரித்தது அதைவிட நன்றாகக் கேட்டது. வேலையும் கிடைத்துவிட்டது. என் மானத்தை விற்று நீ வாங்கிய முதல் உத்தியோகம் இது என்பதால் அதில் எனக்கும் பங்குண்டு. அந்தப் பங்கை எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இரண்டு கோடைக்கு முன்னால், உன் எம்.ஏ. முதல் வருஷம் முடிந்த லீவில், ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து என் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாய். வித்துராவுக்கு இந்தப் பக்கம், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், ராஜா காலத்து விருந்து பங்களா ஒன்றும் அதைச் சுற்றித் தோட்டமும் பூங்காவாகத் திறந்திருக்கிறார்கள், வரலாறு படிக்கிற பிள்ளைகளை ஏப்ரல், மே இரண்டு மாதம் அங்கே இன்டர்னாக எடுக்கிறார்கள் என்றாய். நான் அந்தச் சமயம் உனக்கு வங்கிப் பரீட்சைக் கோச்சிங்கில் இடம் பேசி வைத்திருந்தேன். "பார்க்கில் ரெண்டு மாசம் என்ன படிப்பு? ஊஞ்சலாடவா?" என்று கேட்டேன். நீ நோட்டீஸை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினாய். மறுநாள் காலை அம்மா உனக்குச் சாப்பாட்டு டப்பா வாங்கி வந்துவிட்டாள். நம் வீட்டில் தீர்மானங்கள் அப்படித்தான் ஆகும் என்பது எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்ட விஷயம்.

முதல் நாள் நானும் கூட வந்தேன். பாதுகாப்புக்கு என்று சொன்னேன். உண்மையில், அது உருப்படாத இடம் என்று நேரில் பார்த்துச் சொல்லலாமே என்றுதான். தம்பானூரில் பஸ் ஏறி, நெடுமங்காட்டில் மாறி, பாதி வழியில் நீ என் தோளில் தூங்கிப்போனாய். அங்கே போனால் உன்னைப்போல ஆறேழு பிள்ளைகள். ஒருத்தன் கிணற்றுச் சுவரை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். ஒரு பெண் வருகிறவர்களிடமெல்லாம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். உன் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, முதலில் அடுக்களைக் கட்டைப் பெருக்கு, பெருக்கும்போது தரையில் என்னென்ன கண்ணில் படுகிறதோ எழுது என்றார்கள். வரலாற்றில் எம்.ஏ. படிக்கிற என் பெண் துடைப்பத்தோடு நின்றதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. பொறுப்பாளர் லேகா மேடத்திடம் போய் நியாயம் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "சாரே, க்ளாஸில் குட்டிகள் இருந்நே பற்றூ. இவிடெ ஆர்க்கும் நிர்பந்தமில்ல. ஐஸ்கிரீம் தின்னு தீர்ந்நிட்டு மனசுண்டெங்கிலே நம்மளெ கேக்கூ" என்றார். வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்தே ஆக வேண்டும், இங்கே வருகிறவன் ஐஸ்கிரீம் தின்று முடித்து மனசிருந்தால்தான் நம்மைக் கேட்பான், அவனுக்குச் சொல்லக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் படிப்பு என்று அர்த்தம். ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுகொண்டே பஸ் ஏறினேன்.

உனக்கு வந்த பொறுப்பு அந்த அடுக்களைதான். ராஜா மலைக்குப் போகிறபோதும் வரும்போதும் அங்கே தங்குவார், விருந்து நடக்கும், சமைக்க நம் வலியசாலைத் தெருக்களிலிருந்து ஆட்களைக் கூட்டிப்போவார்கள். அந்த அடுக்களைக்கு ஒரு போர்டு எழுத வேண்டும். அறுபது வார்த்தைக்குள், பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, மலையாளத்திலும் தமிழிலும் இங்கிலீஷிலும். அறுபது வார்த்தைக்கு இரண்டு மாதமா என்று நான் கேலி செய்தேன். முப்பது வருஷம் ஆபீஸில் குறிப்பு எழுதியவன், அறுபது வார்த்தையை அரை மணியில் எழுதுவேன் என்றேன். நீ எழுதிக் கிழித்த காகிதம் நம் வீட்டுக் கூடை நிறைந்ததைப் பார்த்தபோதுதான், நான் முப்பது வருஷமாக யாருக்கும் புரியாமல் எழுதித்தான் சம்பளம் வாங்கியிருக்கிறேன் என்று உறைத்தது. அந்த இடத்தில் இன்னொரு சட்டமும் இருந்தது. வாய்வழியாகக் கேட்டது எதுவானாலும் இரண்டு பேர் சொல்லாமல் போர்டில் ஏறக் கூடாது. 'ரெண்டு வாய்' என்று நீங்கள் பிள்ளைகள் அதற்குப் பேர் வைத்திருந்தீர்கள்.

நீ போனை நீட்டிக்கொண்டு நம் தெருக்களில் வீடு வீடாகப் போனாய். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் திரும்பி வந்து சிரிப்பாய். முதல் வீட்டில் சொன்னார்களாம், எங்கள் பாட்டனார்தான் அங்கே தலைமைச் சமையல்காரர் என்று. இரண்டாம் வீட்டிலும் தலைமை. எதிர்வீட்டிலும் தலைமை. கோவில் பக்கத்து வீட்டில் தலைமைக்கும் மேலே ஒரு பதவியைச் சொன்னார்களாம். "அப்பா, அந்த அடுக்களையில உத்தரவு போட மட்டும் ஒரு தெருவே நின்னிருக்கு. ஒரு தேங்காய் துருவ ஆளில்லே!" என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். உன்னைவிடச் சத்தமாகவே சிரித்தேன். அப்போதே என் வாயில் என் பங்குக்கான கதை தயாராக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்தது. போனை மேசைமேல் வைத்தாய். "பேரு, வயசு சொல்லிட்டு ஆரம்பிங்கோப்பா" என்றாய். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். என் தாத்தா, உனக்குக் கொள்ளுத்தாத்தா, அந்த விருந்து பங்களாவின் தலைமைச் சமையல்காரர். ஒருநாள் அவர் வைத்த பால்பாயசத்தைக் குடித்துவிட்டு ராஜா எழுந்தே போகவில்லை. யார் செய்தது என்று கூப்பிட்டுக் கேட்டு, தன் கையிலிருந்த தங்க வளையைக் கழற்றிப் போட்டார். அந்த வளை எங்கே என்று நீ கேட்டாய். உன் அத்தை கல்யாணத்தில் விற்றாகிவிட்டது என்றேன். இதெல்லாம் நீ சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான் என்றாலும் அன்றைக்குப் புதிதாகக் கேட்கிற மாதிரி கண்ணை அகட்டிக் கேட்டாய். நான் பாயசத்தில் குங்குமப்பூவும் சேர்த்தேன்.

கௌரி, அதில் என் தாத்தா என்கிற ஒரு வார்த்தைதான் நிஜம். அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதும் நிஜம். காய் திருத்தினார். அவ்வளவுதான். விருந்துக்கு விருந்து போய், அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து, சேனையும் பூசணியும் நேந்திரங்காயும் நறுக்கிப் போட்டுவிட்டு வந்தவர். என் அப்பா ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "அவருக்குத் தோல் சீவவே வராதுடா. அதனாலதான் கடைசி வரைக்கும் அடுப்புப் பக்கமே விடலை." எனக்கு அப்போது பதினைந்து வயது. காய் நறுக்கக்கூடச் சரியாகத் தெரியாத ஒரு தாத்தாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? கூட்டாளிகள் எல்லாருக்கும் தலைமைத் தாத்தாக்கள் இருந்தார்கள். நானும் என் தாத்தாவுக்கு ஒரு பிரமோஷன் கொடுத்தேன். யாருடைய கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை.

வளை மட்டும் உனக்காகச் செய்தது. உனக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை உன்னைப் பட்டர் என்று, நம்மவர்களுக்கு இங்கே வைத்திருக்கிற கேலிப்பேரைச் சொல்லி, உங்கள் ஆட்களெல்லாம் இங்கே சோறு தின்ன வந்தவர்கள்தானே என்று கேலி செய்துவிட்டது. நீ வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேன் என்று அழுதாய். உன்னைச் சாப்பிட வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. ராஜாவின் கையிலிருந்த வளையைக் கழற்றி உன் கொள்ளுத்தாத்தா கையில் போட்டேன். நீ அழுகையை நிறுத்தி இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டாய். அன்றைக்கு அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை, மருந்தாகத் தெரிந்தது. குணமான பிறகும் மருந்தை நிறுத்தாதது என் தப்பு.

இனி இதில் உள்ள வேடிக்கையைக் கேள். உனக்கு இரண்டாவது வாய் வேண்டும். நீ நேராக மணி அத்தானிடம் போனாய். என் அத்தை பிள்ளை, தாத்தாவுக்கு அவரும் பேரன்தான், பொருத்தமான சாட்சி. அத்தான் பாயசம், வளை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். நீ சந்தோஷமாக வந்து 'ரெண்டு வாய் ஆச்சு' என்றாய். அத்தானுக்கு அந்தக் கதையைச் சொன்னதே நான்தான் என்று உனக்கு அப்போது தெரியாது. எவனோ ஒருவனின் கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவர் அதை அதற்குப் பிறகு நடந்த எல்லாப் பந்திகளிலும் பரிமாறிவிட்டார். நீ இரண்டு வாயில் கேட்டாய். இரண்டும் என் வாய். நீ போகிற கோட்டையிலும் இது நடக்கும். நாலு பேர் ஒரே கதையைச் சொன்னால், அவர்கள் நாலு பேரும் யாருடைய பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொள்.

தலைமையும் வளையும் ஏறிய போர்டு அச்சுக்குப் போயிற்று. மே கடைசி ஞாயிற்றுக்கிழமை திறப்பு. உன் சர்டிஃபிகேட்டும் அந்தப் போர்டை வைத்துத்தான். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். "கொழந்தை பேரு போட்டு வைக்கப் போறா. நாளைக்கு யாராவது வந்து இல்லேன்னு சொன்னா அவளுக்கல்லவா கேடு? போய்ச் சொல்லுங்கோ" என்று காலையிலும் மாலையிலும் சொன்னாள். நான் உன்னிடம் சொல்வதற்குப் பதிலாகப் பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாரிடம் சொன்னேன். யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஒரு தேங்காய் உடைத்தேன். நன்றாகச் சிதறியது. நிம்மதியாக வீடு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், உன் போன். "அப்பா, ஒரு நல்ல சேதி! இங்கே தாமோதரன்னு ஒருத்தர் கெடைச்சிருக்கார். அவரோட அச்சன் இந்த அடுக்களைக்கு வெறகு சொமந்தவராம். நாளைக்கு அவரைப் பாக்கப் போறேன். கொள்ளுத்தாத்தாவைப் பத்தியும் கேக்கப் போறேன்!" என்றாய். பிள்ளையார் என் கட்சி இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் உன்னோடு நானும் பஸ் ஏறினேன். நெடுமங்காடு வரை வானிலை பேசினேன். பஸ் மாறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொல்லிவிட்டேன். தலைமை இல்லை, பாயசம் இல்லை, வளை இல்லை, மணி அத்தானும் சாட்சி இல்லை. நீ மெதுவாகக் கேட்டாய்: "ஆறு வயசுல சொன்னது செரி. இருபத்திரெண்டு வயசுல, ரெக்கார்ட் பண்ணிண்டு கேக்கறச்சே எதுக்குப்பா சொன்னேள்?"

அன்றைக்கு நான் ஏதோ உளறினேன். இன்றைக்குச் சரியாகச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் பேசுவதை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆபீஸில் நான் எழுதியதைப் படித்தார்கள், பேசியதைக் கேட்டவர் கிடையாது. நீ போனை வைத்து, நோட்டைத் திறந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாய். என் பெண் இவ்வளவு கவனமாகக் கேட்கும்போது காய் நறுக்கினார் என்று இரண்டு வார்த்தையில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரம் நீளட்டும் என்று பேசினேன். நாளைக்கு உன் முன்னால் உட்காருகிறவர்களும் அதற்காகவே பொய் சொல்வார்கள். அவர்கள்மேல் கோபப்படாதே. இன்னொரு நாள் போய் மறுபடி கேள்.

தாமோதரன் அண்ணன் வீட்டு வாசலில் உன் முகம் உம்மென்று இருந்தது. நான் வெளியே நிற்கிறேன் என்றேன். "வேண்டாம், வந்து உக்காருங்கோ" என்றாய். தாத்தாவின் பெயரை நீ சொன்னபோது அவருக்குப் புரியவில்லை. காய் திருத்துகிறவர் என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். உடனே அவர் முகம் விரிந்தது. "கஷணம் சாமியா? கஷணம் சாமிடெ ஆளுகளாணோ நிங்ஙள்!" என்று, அவர் வீட்டு மனிதர்களா நீங்கள் என்ற ஆச்சரியத்தோடு எழுந்தே விட்டார். அவியலிலும் சாம்பாரிலும் கிடக்கிற காய்த்துண்டுக்கு இங்கே கஷணம் என்றுதானே பேர். என் தாத்தாவுக்கு இப்படி ஒரு பட்டம் இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். விறகு சுமந்த அவருடைய அப்பா கடைசி வரை கஷணம் சாமியைப் பற்றிப் பேசுவாராம். "சாமிக்குத் தோல் சீவ அறியில்ல. இத்தறெ கனத்தில் சீவும்" என்று கட்டை விரலைக் காட்டினார். நேந்திரங்காயோ பூசணியோ, பாதிச் சதை தோலோடு போய்விடும். தலைமைக்காரர் நாள் முழுக்கத் திட்டுவார். அந்தத் தோலெல்லாம் கூடையில் வெளியே வரும். அடுக்களைக்குள் வர விடாத விறகுக்காரர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் அந்தக் கூடைதான். தாமோதரன் அண்ணனின் அம்மா அதில் பயறு போட்டுத் தோரன் என்கிற பொரியல் வைப்பாராம். விருந்து நாளில் எங்கள் வீட்டிலும் விருந்துதான் என்றார்.

"தெரிஞ்சேதான் சீவியிருக்கார்! தர்மவான்! எழுதிக்கோ கௌரி, ஏழைகளுக்காகத் தோலைக் கட்டியாச் சீவின மகான்னு எழுதிக்கோ!" என்று கத்தினேன். நீ பேனாவை மூடினாய். "அப்பா, நீங்க இப்போதான் ஒரு தலைமைச் சமையல்காரரை வேலையை விட்டு அனுப்பினேள். அதுக்குள்ள ஒரு மகானா?" என்றாய். தாமோதரன் அண்ணன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாயா தளும்பியது. "அறிஞ்ஞுகொண்டோ அறியாதெயோ, அது ஞங்ஙளுக்கறியில்ல. தோரன் நல்லதாயிருந்நு. அதறியாம்" என்றார். தெரிந்து சீவினாரோ தெரியாமல் சீவினாரோ, தோரன் நன்றாக இருந்தது, அதுமட்டும் தெரியும் என்று அர்த்தம். அப்போதுதான் நீ என் பக்கம் திரும்பி, என் அப்பா என்னிடம் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னாய். தோல் சீவ வராது. உன் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. இது ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து சாப்பிடாத இரண்டு வீடு, இரண்டு நிஜமான வாய் என்றாய்.

அங்கிருந்து நேராகப் போய் எல்லாவற்றையும் சொன்னபோது லேகா மேடம் உனக்குத் தப்பிக்க வழி கொடுத்தார், அதை மறக்காதே. போர்டில் அந்த வரிமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது என்றார். நீ ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, தெருவே வேன் பிடித்து வருகிறது, அவர்களிடம் நானே சொல்கிறேன், சர்டிஃபிகேட் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம் என்றாய். நான் பின்னாலிருந்து, சொல்ல வேண்டியவன் நான் என்றேன். நீ என்னை நம்பாமல் பார்த்தாய். "மணி மாமா வருவார். அத்தை வருவா. முடியுமாப்பா?" என்றாய். முடியும் என்றேன். அதுவும் அப்போது பொய்தான்.

திறப்பு நாளன்று அந்த அடுக்களை நிரம்பியிருந்தது. ஒரு பக்கம் நம் தெரு, பட்டுப்புடவையும் புளியோதரைப் பொட்டலமுமாக. இன்னொரு பக்கம் வித்துராக்காரர்கள். போர்டு துணி சுற்றியபடியே சுவரில் சாய்ந்திருந்தது. நீ முன்னால் போய், இந்தப் போர்டில் ஒரு தப்பு இருக்கிறது, அதைத் திறக்கப் போவதில்லை, என்ன தப்பு என்று சாட்சியே சொல்வார் என்று இரண்டு பாஷையிலும் சொல்லி என்னைக் கூப்பிட்டாய். "என் தாத்தா தலைமை இல்லை. காய் திருத்தினவர். அதுவும் சரியாத் திருத்தலை. தங்க வளை கிடையாது. அதை நான்தான் பண்ணினேன். தட்டான்கூட வேண்டியிருக்கலை" என்றேன். உன் அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். மணி அத்தான்தான் முதலில் வாய் திறந்தார். "அடப்பாவி! எத்தனை கல்யாணத்துல நான் அந்த வளையைப் பத்திப் பேசியிருக்கேன்!" என்றார். கூரை அதிரச் சிரிப்பு. சிரிப்பு அடங்குவதற்குள் நம் தெரு விசாலம் மாமி எழுந்து நின்றாள். "நானும் சொல்லிடறேன். எங்காத்து மாமனாரும் ஹெட்டு இல்லே. உருளி தேய்ச்சார்" என்றாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒருத்தர் வீட்டில் தண்ணீர் இறைத்தவர். ஒருத்தர் வீட்டில் தேங்காய் துருவியவர். கோவில் பக்கத்து வீட்டுப் பெரியவர், தலைமைக்கும் மேலே என்றாரே, அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, இலை போட்டவர் என்றார். லேகா மேடம் ஓடிப்போய்ச் சார்ட் காகிதம் கொண்டுவந்தார். நீ தரையில் உட்கார்ந்து எழுதினாய். கடைசியில் பார்த்தால் எல்லா வேலைக்கும் ஆளிருந்தது, தலைமைக்கு மட்டும் ஒருத்தரும் இல்லை. இன்றுவரை அந்தப் பதவி காலி.

தாமோதரன் அண்ணன் நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்தார். நீதான் போய்க் கூட்டி வந்தாய். "என்டெ அச்சன் ஒரிக்கலும் இதினுள்ளில் கேறியிட்டில்ல" என்று, தன் அப்பா ஒருநாளும் இதற்குள் கால் வைத்ததில்லை என்று அவர் சொன்னபோது நம் தெருக்காரர்கள் தலை குனிந்தார்கள். நானும்தான். அந்த வரியை நீ விடாமல் எழுதிக்கொண்டாய். விசாலம் மாமி தன் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டி, உக்காருங்கோ என்றாள். அந்த அடுக்களைத் தரையில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து புளியோதரை தின்றோம். அதைவிட நல்ல விருந்தை நான் சாப்பிட்டதில்லை. புதுப் போர்டு அடுத்த மாதம் வந்தது, உனக்குச் சர்டிஃபிகேட்டும் வந்தது. போர்டில் நம்மவரைப் பற்றி இரண்டே வரி: 'காய் திருத்திய ஒருவர் தோலைக் கட்டியாகச் சீவினார். ஏன் என்று தெரியவில்லை.' அந்த இரண்டாவது வரிக்கு முன்னால் நின்று ஜனங்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று லேகா மேடம் போன் செய்து சந்தோஷப்பட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் வேனில் திரும்ப, நீ என்னோடு பஸ்ஸில் வருகிறேன் என்றாய். நான் நல்ல பேர் வாங்கிய தோரணையில், கோபம் போயிற்றா என்று கேட்டேன். நீ இல்லை என்று தலையாட்டினாய். "வளை பொய்ங்கறதுக்கு எனக்குக் கோபமே இல்லேப்பா. கஷணம் சாமியை எங்கிட்டேர்ந்து ஒளிச்சு வெச்சேளே, அதுக்குத்தான். இத்தனை வருஷம் அவர் இல்லாம இருந்துட்டேன்" என்றாய். உனக்குப் பெரிய கொள்ளுத்தாத்தா வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு நிஜமாக இருந்த ஒருவர் போதும் என்பது எனக்குத் தெரியவே இல்லை.

அதனால் ஒன்று செய்கிறேன், கௌரி. என்னை நீ அப்படித் தேட வேண்டாம். இந்தத் தெருவில் என்னைச் சூப்பரண்டு சார் என்று கூப்பிடுகிறார்கள், நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் சூப்பரண்டு ஆகவே இல்லை. அதற்கான பரீட்சையில் மூன்று தடவை தோற்று, கிளார்க்காகவே ரிட்டயர் ஆனேன். யாரோ மரியாதைக்கு ஒருநாள் அப்படிக் கூப்பிட்டார்கள், நான் மறுக்கவில்லை. மலரில் இதைப் படித்துவிட்டுத் தெரு சிரிக்கட்டும். நீ போகிற ஊரில் உன் அப்பா யார் என்று யாராவது கேட்பார்கள். கிளார்க்காக இருந்தார், பெண்ணை ஒரு கோடைக்காலம் பூங்காவுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார், அவள் போனாள், அதற்கப்புறம் அவர் பார்த்த ஜனங்களிடமெல்லாம் அவளைப் பற்றிப் பீற்றிக்கொண்டு திரிந்தார் என்று சொல். அதில் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை. சந்தோஷமாகப் போய் வா, என் கண்ணே.

உன் அப்பா